சின்ன ஏர்போர்ட் வழியாகப் படகுப் போட்டிக்கு

இருபத்திரண்டு வருட இல்லற வாழ்க்கையில் ஒரே ஒரு முடிவையாவது நானே எடுப்பது என்று போன மாதம் தீர்மானம் போட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் முதல் தடவையாகப் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொள்கிறாள். ஒற்றை ஆள் ஓட்டும் படகு. ஞாயிறு காலை பத்து மணிக்கு, அவள் படிக்கிற ஊர்த் துறைமுகத்தில் கொடி அசைத்துவிடுவார்கள். அவள் சைக்கிள் பழகியபோதும் நீச்சல் பழகியபோதும் எனக்கு பஸ் டிப்போவில் டியூட்டி. இதையும் பார்க்கவில்லை என்றால் நான் அப்பாவாக இருந்து என்ன பிரயோஜனம்?

அந்த ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள். பெரியது எண்பது கிலோமீட்டர் தள்ளி. வாசலிலேயே துறைமுகத்துக்கு நேர் பஸ். சின்னது, மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒன்பதே கிலோமீட்டர். ஸ்கேல் வைத்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. நூற்றைம்பது பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிறவன்.

"ஏங்க, பெரிய ஏர்போர்ட்டுக்கே டிக்கெட் போட்டுடுங்க," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"ஏன்?"

"நேர் பஸ் இருக்கு. எங்க அண்ணன் வீடும் வழியிலதான். ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்."

அப்படி வா வழிக்கு! மச்சான் வீட்டில் ஒரு எட்டு என்றால் இரண்டு நாள். அதில் ஒன்றரை நாள் அவர் புதுக் கார் வாங்கிய கதை.

"சின்ன ஏர்போர்ட்தான்," என்றேன். "நடுவுல கொஞ்சூண்டு கடல் உள்ள வந்திருக்கு. அதைத் தாண்ட அரை மணிக்கு ஒரு படகு. எட்டரைக்கு இறங்கினா ஒன்பதரைக்குத் துறைமுகம்."

"படகு ஓடலைன்னா?"

"ஏன் ஓடாது? எங்க டிப்போ பஸ்ஸே ஓடுது."

"எனக்கென்னமோ பெரிய ஏர்போர்ட்தான் சரின்னு படுது."

"இந்த வீட்டுல ஒரு தடவையாவது என் பேச்சு எடுபடட்டும்!"

"சரிங்க. உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம்! இருபத்திரண்டு வருடத்தில் கேட்டறியாத வார்த்தை. கண்ணாடி முன்னால் போய் மீசையை முறுக்கிக்கொண்டேன். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு எட்டரைக்கு இறங்கினோம். டாக்சி பிடித்து ஒன்பது மணிக்குப் படகுத்துறை. ஈ காக்கா இல்லை. டிக்கெட் ஜன்னல் சாத்தியிருந்தது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த காவலாளியிடம் ஓடினேன்.

"அடுத்த படகு எப்பங்க?"

"இன்னிக்குப் படகே கிடையாதுங்களே."

"ஏன்?"

"பாய்மரப் போட்டி நடக்குதில்ல? சாயங்காலம் வரைக்கும் எதுவும் குறுக்க போகக்கூடாது."

"அதைப் பார்க்கத்தாங்க வந்திருக்கோம்!"

"அப்ப அந்தக் கரைக்கில்ல போயிருக்கணும்?"

சாலை வழியாகச் சுற்றினால் இரண்டரை மணி நேரமாம். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நூற்றைம்பது பஸ்ஸுக்கு வழி சொன்னவனுக்குச் சொந்த மகளிடம் போக வழி தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றேன். "நீ சொன்னதைக் கேட்டிருக்கணும். புள்ள என்னைத் தேடுவா."

மனைவி, காலையில் 'வெறும் துணிதான்' என்று சொல்லி என்னைத் தூக்கவைத்த பையைத் திறந்தாள். ஒரு மடக்கு நாற்காலி வந்தது. இன்னொன்று வந்தது. ஃபிளாஸ்க், இரண்டு தொப்பி, பக்கத்து வீட்டுக் கண் டாக்டரின் பைனாகுலர்.

"உட்காருங்க. அதோ சிவப்பு மிதவை தெரியுதா? எல்லாப் படகும் இதைச் சுத்தித்தான் திரும்பணும். அந்தக் கரையில நின்னா பாய்தான் தெரியும். இங்க முகமே தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மகதான் சொன்னா. மூணு வாரம் ஆச்சு."

"பின்னே எதுக்குப் பெரிய ஏர்போர்ட்னு சொன்னே?"

"சின்ன ஏர்போர்ட்னு சொல்லியிருந்தா, நீங்க எந்த ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டிருப்பீங்க?"

நான் கடலைப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் சொன்னா. கெளம்புற இடத்துல அப்பா வேண்டாம்மா, டிப்போவுல பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொல்ற மாதிரி கத்துவாரு, எனக்குக் கை நடுங்கும்னா. ஆனா திரும்புறதுதான் கஷ்டமாம். அங்க அப்பா நின்னா தைரியமா இருக்கும்னா."

சுருக்கென்றது. ஆனாலும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலியை மிதவைக்கு நேராகத் திருப்பிப் போட்டேன்.

பத்தே முக்காலுக்குப் பாய்கள் தெரிந்தன. பதினேழாம் நம்பர் எங்கள் மகள். ஆறாவதாக வந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மிதவையை உரசுகிற மாதிரி ஒடித்துத் திரும்பினாள். இரண்டு படகுகள் பின்தங்கின. திரும்புகிற நொடியில் கரையைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். சத்தியமாக.

அழுது முடித்துக் காபி குடிக்கும்போது மனைவி சொன்னாள்: "அண்ணன் வீட்டுக்கெல்லாம் போக வேண்டாங்க. சாயங்காலப் படகுல மகள் வர்ற வரைக்கும் இங்கேயே இருப்போம்."

ஆஹா! சூட்சுமம்தான் இப்போது எனக்குத் தெரியுமே. போக வேண்டாம் என்றால் போக வேண்டும் என்று அர்த்தம். நான் மறுத்துப் பேசுவேன் என்று காத்திருக்கிறாள். யாரிடம் விளையாடுகிறாள்?

"நீ சொன்னா சரி," என்றேன் கம்பீரமாக. "இந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்."

"நகராதீங்க. அண்ணன் புதுக் காரை எடுத்துக்கிட்டு இங்கதான் வந்துக்கிட்டிருக்கார்."