பூட்டுக்காரர் காட்டிய விரிசல்

இனிமேல் மனைவியைச் சந்தேகப்படுவதில்லை என்று பூட்டுக்காரர் காலையில் சபதம் எடுத்தார். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள் வருகிறவர்களிடம் சிரித்துத்தான் பேச வேண்டும். பயந்து வாயை இறுக மூடிக்கொண்டு வருகிறவர்களை வேறு எப்படி உள்ளே அனுப்புவது? நியாயம்தான். சபதத்தை மனசுக்குள் பூட்டி, இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

காபி குடித்து முடிப்பதற்குள் பூட்டு விட்டுக்கொண்டது.

"இன்னிக்குப் பேங்க்லேருந்து வர்றாங்க," என்றாள் மனைவி, கண்ணாடி முன்னால் நின்றபடி. "தவணையைக் குறைக்கச் சொல்லி மறுபடி கேட்டிருந்தேன்ல? வீட்டைப் பார்க்கணுமாம்."

"வீட்டைத்தானே பார்க்கணும்? உனக்கு எதுக்குப் புதுப் புடவை?"

"பழசெல்லாம் துவைச்சுப் போட்டிருக்கு."

"காதுல தொங்குதே, பழைய கம்மலையும் துவைச்சுப் போட்டிருக்கியா?"

"வர்றவர் கிழவரா இருந்தா கழட்டிடறேன். ஆனா போன்ல சின்ன வயசாத்தான் தெரிஞ்சுது. அடடா, என்ன குரல்!"

ஊரெல்லாம் அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுகள் வந்த பிறகு பூட்டுக்காரருக்கு வேலை பாதியாகிவிட்டது. வீட்டுக் கடன் தவணை மட்டும் அப்படியே இருந்தது. கடனை வேறு வங்கிக்கு மாற்றிக் குறைந்த வட்டியில் கட்டலாம் என்று படியேறினால், 'பழைய இடத்துல பாக்கி இல்லாம வாங்க' என்றார்கள். பாக்கி இல்லாதவன் இங்கே ஏன் வருகிறான் என்று கேட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பழைய வங்கியே மனமிரங்கித் தவணையைக் குறைத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்.

அப்படி மனமிரங்க வந்த முதல் அதிகாரியை அவரே வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினார். தேக்குக் கதவைத் தட்டிக் காட்டினார். தன் கையால் செய்த பூட்டைத் திறந்து மூடி, மூடித் திறந்து காட்டினார். கூரை ஒழுகும் இடம் வந்ததும் அதற்கு நேர் கீழே தானே போய் நின்றுகொண்டார். அதிகாரி அசந்துபோனார். 'அருமையான வீடு. விற்றால் கடன் மொத்தமும் அடையும்' என்று எழுதிவிட்டார். அடுத்து வந்தவரும் அதையே எழுதினார். இனி ஒரே ஒரு முறைதான் ஆள் அனுப்புவோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

இன்று வந்தவர் நீலச் சட்டை போட்டிருந்தார். இஸ்திரி மடிப்பில் ரொட்டி நறுக்கலாம். அவர் தலைமுடியைப் பார்த்ததும் பூட்டுக்காரரின் கை தானாகப் போய்த் தன் வழுக்கையைத் தடவியது.

"வாங்க சார்! ஃபேனுக்குக் கீழ உட்காருங்க. அது என் வீட்டுக்காரர் நாற்காலி. பரவாயில்ல, அவர் நிப்பார்."

அவர் நின்றார்.

"காபிக்குச் சர்க்கரை?"

"எப்படிக் குடுத்தாலும் சரிம்மா."

"பாருங்க, இப்படி இருக்கணும் மனுஷன். இங்க ஒருத்தருக்கு ஒரு சிட்டிகை கூடினா மூஞ்சி கோணிடும். ஏங்க, உள்ளே பிஸ்கட் இருக்கு, எடுத்துட்டு வாங்களேன்."

அவர் பிஸ்கட்டுக்குப் போன நேரத்தில் கூடத்தில் அவள் என்னவோ தணிந்த குரலில் சொல்ல, நீலச் சட்டை விழுந்து விழுந்து சிரித்தது. பூட்டுக்காரர் கையில் பிஸ்கட் தூளானது.

"வீடு நல்லா இருக்கும்மா. இங்கேயே உட்கார்ந்துடலாம் போல இருக்கு," என்றார் அதிகாரி.

"உட்காருவீங்களா!" பூட்டுக்காரர் பாய்ந்து வந்தார். "எழுந்திரிங்க சார் முதல்ல. தலைக்கு மேல பாருங்க, விரிசல். இந்த ஃபேன் எப்ப இறங்கும்னு அதுக்கே தெரியாது!"

"ஏங்க, சும்மா இருங்க. சார் பயந்துடப் போறார்."

"சாருக்கு ஒண்ணுன்னா உனக்கு எங்கே வலிக்குது? இங்க வாங்க சார். மழை பெஞ்சா இந்த ரூம்ல குடை பிடிச்சுத்தான் தூங்கணும். கதவைப் பாருங்க, தேக்குதான். கீழ்ப்பாதியைக் கரையான் தின்னாச்சு, பெயிண்ட்தான் நிக்குது!"

"ஐயோ, பூட்டையாவது விடுங்க..."

"பூட்டா? நான் செஞ்சதுதான். ஒரு ஊக்கு போதும், பச்சைக் குழந்தை திறக்கும்!"

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் பூட்டின் பக்கம் திரும்பவில்லை. மற்றதெல்லாம் நிஜம். பூட்டு பொய்.

அதிகாரி ஃபேனை அண்ணாந்து பார்த்தபடியே வாசலுக்கு நகர்ந்தார். அடுத்த வாரம் வங்கியிலிருந்து போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள்.

"ஏலம் விட்டா இந்த வீட்டை ஒருத்தரும் சீண்ட மாட்டாங்களாம். குடியிருக்கிறவங்களே முடிஞ்சதைக் கட்டட்டும்னு தவணையைப் பாதியாக்கிட்டாங்க. வீடு தப்பிச்சுது!"

பூட்டுக்காரர் தன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "பார்த்தியா? எல்லாம் நான் பேசின பேச்சு. அது இருக்கட்டும், அன்னிக்கு அந்த ஆள்கிட்ட என்ன சொல்லிச் சிரிச்சே?"

"'எங்க வீட்டுக்காரர் இப்ப வருவார், வீட்டுக் குறையெல்லாம் அவர் வாயாலயே சொல்வார்'னு சொன்னேன். அவர் நம்பல. சிரிச்சார்."

கால் தானாகக் கீழே இறங்கியது. "அப்போ... அந்தப் புடவை? கம்மல்?"

"ஏங்க, இத்தனை வருஷமா நான் பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறேன். ஒரு ஆம்பிளையை வாயைத் திறக்க வைக்க எனக்குத் தெரியாதா?"