தொட வேண்டாம் என்று எழுதியிருந்த கிழங்கு

உலக வரலாற்றுக்கு நான் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதன் ஆதாரத்தைத் தின்றேன். பாதியைத்தான் தின்றேன் என்று வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நீங்களாவது முழுதாகக் கேளுங்கள், பிள்ளைகளே.

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுவது என் தொழில். ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு சந்தில் சின்னப் பட்டறை. படிப்பு பத்தாவது வரை (பாஸா என்று கேட்கக்கூடாது). என் மகள் தாரணி அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு அவள் எடுத்த தலைப்பு, ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே பெருங்கடலைத் தாண்டி வேறு கண்டத்துக்குப் போய்வந்தவர்கள். முதல் பரிசு வாங்கினால் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். முந்தைய வருடம் அவள் செய்த எரிமலை வெடிக்கவேயில்லை. அதனால் இந்த முறை மாவட்டத்துக்குப் போயே தீர்வது என்று ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சக்கரவள்ளிக் கெழங்குக்குச் சொந்த ஊரு அமெரிக்கக் கண்டமுங்க. ஆனா பசிபிக் கடல் நடுவுல இருக்கற தீவுகள்ல, வெள்ளைக்காரங்க போறதுக்கு முன்னாடியே அதை நட்டுச் சாப்பிட்டிருக்காங்க. எப்படிப் போயிருக்குமுங்க?"

"நம்மூரு ஆளுகதான் கொண்டுபோய்க் குடுத்திருப்பாங்க கண்ணு."

"ஆதாரம் இருக்குங்களாப்பா?"

இல்லை. அவளிடம் இருந்தது. அந்தப் பசிபிக் தீவு ஒன்றில் மண்ணைத் தோண்டியபோது பழங்காலத்துக் கரிந்த கிழங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றனவாம். தீவுக்காரர்கள் இரட்டைப் படகில், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே அவ்வளவு தூரம் போய் எடுத்து வந்திருக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். விதை தானாகவே கடலில் மிதந்து வந்திருக்கலாம் என்று வேறு சிலர். அந்தச் சிலரையும் அட்டையில் எழுதி வைத்தாள். எதிர்க்கட்சிக்கு எதற்கு இடம் கொடுக்கிறாய் என்று கேட்டேன். அதுதான் நியாயமாம்.

இரட்டைப் படகை நான் செய்தேன். காயில் நழுவாமலிருக்கச் சொருகும் மூங்கில் குச்சிகளை அடுக்கி, பருத்தி டேப்பால் கட்டி, மோட்டார் வார்னிஷ் பூசினேன். வாளித் தண்ணீரில் விட்டால் அழகாக மிதந்தது. இதைப் பார்த்துவிட்டு, கண்காட்சியில் ஆதாரமாக வைக்க ஒரு கிழங்கைக் கரியாக்கும் பொறுப்பையும் என்னை நம்பிக் கொடுத்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. உழவர் சந்தையில் வாங்கிய நல்ல கிழங்கு. கண்காட்சியன்று காலையில் தேங்காய்த் தொட்டி ஓடுகளைக் கொளுத்தித் தணலில் போட்டேன். முழுக்கக் கரியாக வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் தோல் கறுத்து, உள்ளே வெந்து, வாசம் கிளம்பியதும் கை தானாக எடுத்துவிட்டது. தின்கிற பொருளைக் கரியாக்க மனசு வரவில்லை. வெளியே கறுப்பாக இருந்தால் போதாதா, உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் கிழங்கைத் தட்டில் வைத்து, முன்னால் ஒரு சீட்டையும் வைத்தாள். "மிக முக்கியமான ஆதாரம். தொட வேண்டாம்." படகை மிதக்கவிடத் தண்ணீர் வேண்டும் என்று வாளியை எடுத்தாள். நான் போகிறேன் என்றதற்கு, "நீங்க இங்கயே நில்லுங்கப்பா, யாரு வந்தாலும் ஒண்ணும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போக, நடுவர் இந்தப் பக்கம் வந்தார். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒடிசலான மனிதர், முகம் வாடியிருந்தது. பேசாதே என்றால் பேசாமல் இருப்பேன். ஆனால் நம் ஊர்ப்பக்கத்தில் ஒருத்தரைப் பார்த்ததும் சாப்பிட்டாச்சா என்று கேட்பது பேச்சில் சேர்த்தியா, நீங்களே சொல்லுங்கள்.

"சாப்டீங்களா சார்?"

"எங்கீங்க, தாராபுரத்துல விடியக்காலம் பஸ் ஏறுனதுங்க."

சொல்லிக்கொண்டே கிழங்கைக் கையில் எடுத்தார், திருப்பினார், மோந்து பார்த்தார். பசித்த ஆள் கையில் வெந்த கிழங்கு. அதைப் பிடுங்கித் தட்டில் வைக்க எந்த ஊரில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?

"சும்மா சாப்பிடுங்க சார்" என்றேன்.

தோலை உரித்துத் தாளில் போட்டார். பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினார். வேண்டாமுங்க என்றேன். எடுத்துக்கோங்க என்றார். இரண்டு முறை மறுத்தேன், மூன்றாம் முறை மறுப்பது மரியாதை இல்லை. நன்றாக வெந்திருந்தது (அதை இங்கே சொல்லியிருக்கக்கூடாது).

மென்றுகொண்டே, "ஆமா, இதை எதுக்குங்க இங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"அதுதானுங்க சார் ஆதாரம்."

அவர் வாய் அப்படியே நின்றது. அப்போதுதான் அந்தச் சீட்டைப் படித்தார். நிமிர்ந்தால் வாளியோடு தாரணி. வாய் நிறைய ஆதாரத்தோடு இரண்டு பெரிய மனிதர்கள். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வாளியைக் கீழே வைத்தாள். தாளில் கிடந்த கறுத்த தோலைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

"சார், அந்தத் தீவுக்காரங்களும் இப்படித்தானுங்க. நல்லா வெந்ததை எல்லாம் சாப்பிட்டுப்போட்டாங்க. தீஞ்சு போனது மட்டும் மண்ணுல கெடந்துச்சு. நமக்குக் கெடைச்ச ஆதாரம் அதுதானுங்க."

நடுவர் முழுங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பரிசு இவளுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அவர் மதிப்பெண் தாளை மூடிவிட்டார். "தப்பா நெனைக்காத அம்மணி. உங்கப்பா கையில வாங்கிச் சாப்பிட்டுப்போட்டேன். இனி உனக்கு நான் மார்க் போட்டா நாயமா இருக்காது" என்று சொல்லி, வேறொரு ஆசிரியையை அனுப்பி வைத்தார். அந்த அம்மா வந்தபோது தட்டில் இருந்தது நாலு தோல். இரண்டாம் பரிசு கிடைத்தது. மாவட்டத்துக்கு வேறொரு பையனின் சொட்டுநீர்ப் பாசனம் போனது.

வீட்டுக்கு வரும்போது வண்டியின் பின்னால் படகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெரு திரும்பும்போதுதான் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சுங்களாப்பா?"

இன்றுவரை எங்கள் வீட்டில் மார்க் ஷீட் காணோம், சாவி காணோம் என்றால் என் மனைவி தேடுவதில்லை. "உங்கப்பாகிட்டக் கேளு, தின்னிருப்பாரு" என்பாள்.

தாரணி இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். போன மாதம் ஈரோட்டுப் பக்கம் ஓர் இடத்தில் குழி தோண்டி ஆராய்கிறார்கள் என்று இவள் வகுப்பையும் கூட்டிப் போயிருந்தார்கள். கரிந்த தானியம் கொஞ்சம் கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னாள். பிள்ளை சாப்பிட்டாளோ என்னவோ என்று டிபன் பாக்ஸோடு கிளம்பிவிட்டேன். கயிறு கட்டியிருந்த எல்லைக்கு வெளியிலேயே என்னை நிறுத்திவிட்டு அவள் குழிக்குள் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி என் பக்கம் வந்தார். கையில் சின்ன பிளாஸ்டிக் கவர், அதற்குள் கறுப்பாக என்னவோ. வெயிலில் முகம் வாடியிருந்தது.

நான் வாயைத் திறக்கக்கூட இல்லை. குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"சார், எங்கப்பா ஏதாவது கேட்டா, சாப்பிட்டாச்சுன்னு சொல்லிப்போடுங்க."