தாலியும் சப்பாத்து வாரும்

அன்று எனக்கு இடப்பட்ட பணி ஒன்றே: என் தம்பியின் கலியாணத்துக்கான தாலியை மூதூருக்குக் கொண்டு சேர்ப்பது.

பத்தர் தாலி வேலையைப் பிந்தி முடித்தார். மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் முதல் நாளே லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து போய்விட்டனர். தாலிக்காக நான் மட்டும் திருகோணமலையில் தங்கினேன். முகூர்த்தம் பத்தரைக்கு. காலை முதல் லோஞ்சைப் பிடித்தால் ஒன்பதுக்கே அங்கு நிற்கலாம். இதில் பிழைவிட வழியே இல்லை.

ஆனால் என்னுடன் என் மகள் வதனியும் தங்கியிருந்தாள். வயது நான்கு.

குழந்தை வளர்ப்பில் எனக்கு அப்போது உறுதியான கொள்கை ஒன்று இருந்தது. அடி இல்லை, அதட்டல் இல்லை. தன் வேலையைக் குழந்தை தானே செய்ய வேண்டும். இடையில் எவராவது கைவைத்தால், அதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை என் மனைவி அவசரத்தில் ஒரு பொத்தானைப் பூட்டிவிட, வதனி ஏழு பொத்தான்களையும் அவிழ்த்தாள். நான் பெருமிதத்துடன் பார்த்திருந்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பெருமிதம் இல்லை.

அன்று ஐந்து மணிக்கே வதனியை எழுப்பினேன். தானே உடுத்தாள், தானே காலில் சப்பாத்து மாட்டி வாரைப் பூட்டினாள், தானே நடந்தாள். இறங்குதுறையில் கரைக்கும் லோஞ்சுக்கும் இடையே போட்டிருந்த பலகையின் நடுவில் வந்ததும் வார் கழன்றது.

அங்கேயே அமர்ந்துவிட்டாள்.

எங்களுக்குப் பின்னால் மூட்டை முடிச்சுகளுடன் முப்பது பேராவது நின்றிருப்பார்கள். முதலாவதாக நின்றவர் கரீம் நானா, மூதூரில் புடைவைக் கடை வைத்திருப்பவர். அன்றைய கலியாணத்துக்கும் அழைக்கப்பட்டிருந்தார். அவர் மனமிரங்கிக் குனிந்து வாரைப் பூட்டிவிட்டார்.

வதனி அவருக்கு நன்றி சொன்னாள். பிறகு வாரை அவிழ்த்தாள். மற்றச் சப்பாத்தையும் அவிழ்த்தாள்.

“என்ன மாஸ்டர், புள்ளைக்கு நான் பூட்டினது பிடிக்கல்லையோ?” என்றார் நானா.

நான் கொள்கையை விளக்கத் தொடங்கினேன். பின்னால் நின்றவர்கள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. லோஞ்சுக்காரர் வந்து, பிள்ளையையும் சப்பாத்துகளையும் ஒருசேரத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

வழிநெடுக வதனி அழவில்லை. யோசித்தாள். அதைக் கண்டு நான் அஞ்சியிருக்க வேண்டும்.

மூதூரில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் தான் அமர்ந்திருந்த வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“இறங்கம்மா.”

“ஏலாது. என்னைத் தூக்கினவை. திரும்ப வீட்டில இருந்து நடந்து வர வேணும்.”

கொள்கைப்படி அவள் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம், இன்னொருவராயிருந்தால் அதைத்தான் செய்திருப்பார். நானோ நியாயத்தால் வெல்ல விரும்பினேன். இரண்டு கைகளும் இல்லாமல் எனக்கு விளக்க வராது. ஆகையால் தாலிப் பெட்டியைக் கரையில் நின்ற நானாவிடம், ஒரு நிமிடம் பிடியுங்கள் என்று நீட்டினேன்.

“அம்மா, இண்டைக்கு மட்டும் இது விதிவிலக்கு” என்றேன்.

“விதிவிலக்கு எண்டா என்ன அப்பா?”

ஓய்வுபெறும் வரை முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தேன். கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னதே இல்லை. வரைவிலக்கணம் கூறினேன். உதாரணங்களுக்குச் சென்றேன். நான்காவது உதாரணத்தில் நின்றபோது, காலடியில் எஞ்சின் அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இறங்குதுறை விலகிக்கொண்டிருந்தது.

திருப்பச் சொல்லி மன்றாடினேன்.

“கயிறு அவிழ்த்தா அவிழ்த்ததுதான், மாஸ்டர்” என்றார் லோஞ்சுக்காரர். “உங்கட மகளையே கேளுங்கோ.”

கரையில் நானா பெட்டியை உயர்த்திக் காட்டிக் கத்தினார்: “யோசியாதீங்க மாஸ்டர், நான் கொண்டு குடுக்கிறன்!”

குடா முழுவதும் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். பெட்டி போய்ச் சேர்ந்திருக்குமா? மணி பத்தரை ஆனபோது கண்ணை மூடிக்கொண்டேன். வதனியோ கடலை வேடிக்கை பார்த்தாள்.

வீட்டுக்குப் போனோம். கதவைத் தொட்டோம். அவள் வாரைப் பூட்டினாள்; ஒருவரும் கைவைக்கவில்லை. அடுத்த லோஞ்சில் மூதூர் சேர்ந்தபோது பந்தியில் கடைசி இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. நானா வியர்க்க விறுவிறுக்க வந்து பெட்டியை நேரத்துக்கே கொடுத்திருந்தார். தமையனுக்கென்று முன்வரிசையில் போட்டிருந்த கதிரையில் அவரைத்தான் இருத்தியிருந்தார்கள். இன்னும் அதில்தான் இருந்தார்.

என் மனைவி வந்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மிகவும் அமைதியாகக் கேட்டாள்:

“தாலி கொண்டு வாறது உங்கட வேலை. இடையில இன்னொருத்தர் கைவைச்சிட்டார். அப்ப கலியாணத்தை முதலிலயிருந்து தொடங்குவமோ?”

வதனி ஆவலுடன் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது விதிவிலக்கு” என்றேன். உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை.