சாகாவரம் வாங்கி வந்த போன்

எத்திராஜின் பழைய போன் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் செத்துப்போகும். அந்தத் தைரியத்தில்தான் எத்திராஜ் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

வயசான போன். முதுகு பூரி மாதிரி உப்பியிருக்கும். அதை யாரும் தொடக்கூட வேண்டாம், சும்மா கிடந்தே சார்ஜ் இறங்கிவிடும். எத்திராஜ் வேலை பார்க்கும் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி ரூமில் புறாக்கூண்டு மாதிரி மரக்கட்டங்கள் இருக்கும். காலையில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்திராஜின் டோக்கன் முப்பத்தேழு. மாலை ஐந்து மணிக்கு அவர் முப்பத்தேழிலிருந்து எடுப்பது போன் அல்ல, பிணம்.

அந்தப் பிணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பைக்கை உருட்டி, டிராபிக்கில் இடிபட்டு, ஆறு மணிக்கு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்வார். அங்கே அவருக்கென்று ஒரு சிமென்ட் பெஞ்சு. ஆறிலிருந்து ஏழு வரை அதில் உட்கார்ந்திருப்பார்.

உட்கார்ந்து என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். அதுதான் விஷயமே. எட்டு மணி நேரம் இரும்புத் தகட்டைப் பிரஸ் மெஷின் குத்துகிற சத்தம். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனால் மிக்ஸி, டிவி, சுலோசனா. நடுவில் இந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் அவர் யாருக்கும் எதுவும் இல்லை. ஏரியைப் பார்ப்பார். ஏரி அவரிடம் எதையும் வாங்கிவரச் சொல்லாது. அதற்காகவே அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

வீட்டுக்குள் நுழைந்ததும் தினமும் இதே உரையாடல்தான்.

"ஆறு மணிலேர்ந்து போன் போட்டுகினே கீறேன். இன்னா ஆச்சு?"

"சார்ஜ் பூட்ச்சு."

"கொத்தமல்லி வாங்கினு வரச் சொல்லலாம்னு பாத்தேன்."

"அடடா. தெரியாம பூட்ச்சே!"

அந்த 'அடடா'வை எத்திராஜ் ஆறு வருஷமாகப் பழகி வைத்திருந்தார். அதில் உண்மையான வருத்தம் மாதிரியே ஒன்று தொனிக்கும். சுலோசனா ஒரு பெருமூச்சு விடுவாள். விஷயம் முடிந்தது.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது அவர்களுடைய கல்யாண நாளன்று.

"இந்தாங்க, பிரிச்சுப் பாருங்க" என்று சுலோசனா ஒரு பெட்டியை நீட்டினாள். புதுப் போன். பெரிய விலையெல்லாம் இல்லை. படம் சுமார்தான் எடுக்கும், பாட்டுச் சத்தம் கரகரவென்றுதான் வரும். ஆனால் பெட்டியின்மேல் ஒரு பேட்டரி படம். அதற்குள் 'ஏழாயிரம்' என்று எண்ணில் போட்டிருந்தது.

"கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எது சாகவே சாகாதுன்னு. இதை எடுத்துக் குடுத்தாரு. மூணு நாள் தாங்குமாம். இனிமே சார்ஜ் பூட்ச்சுன்ற பேச்சே கிடையாது" என்றாள் சுலோசனா. முகம் மலர்ந்திருந்தது.

எத்திராஜ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லா கீது" என்றார். தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு நீதிபதியைப் பாராட்டுகிற நிலைமை அவருக்கு.

மறுநாள் மாலை ஆறு மணி இரண்டு நிமிஷம். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். போன் அடித்தது.

"எங்க கீறீங்க?"

"வண்டில வந்துகினு கீறேன்."

"வண்டில வந்தா காக்கா கத்துமா? நிறுத்திக் கேளுங்க. கொத்தமல்லி, புதினா, அரைக் கிலோ ரவை. அப்படியே சென்னீர்குப்பம் போயி எங்க அக்கா சொர்ணம் ஊட்டுல நம்ம இடியாப்ப அச்சு கீது, வாங்கினு வந்துடுங்க."

சொர்ணம் வீட்டுக்குப் போனால் இடியாப்ப அச்சை மட்டும் கொடுத்து அனுப்பமாட்டாள். முட்டிவலி வந்த கதையை முதலிலிருந்து சொல்லித்தான் கொடுப்பாள். அன்று எத்திராஜ் வீடு வந்து சேர எட்டரை. காபிகூடக் கேட்கத் தெம்பில்லாமல் நாற்காலியில் விழுந்தார்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு முன்பே போனை அணைத்துவிட்டார். வீட்டு வாசலில் ஷூ நாடாவை அவிழ்ப்பதற்குள் சுலோசனா அவர் சட்டைப்பையிலிருந்து போனை உருவி, உயிர்ப்பித்து, நெற்றியைச் சுருக்கினாள்.

"சார்ஜ் எண்பத்திரண்டு கீது. அப்புறம் எப்படி ஆஃப் ஆச்சு?"

"அதுவா... பையில அமுந்திட்டிருக்கும்."

"அமுந்தாத மாதிரி ஒரு பை தச்சுத் தரேன்."

சொன்னபடியே தைத்தும் கொடுத்தாள். கழுத்தில் மாட்டுகிற பை. ஐம்பத்திரண்டு வயதில் எத்திராஜ் ஸ்கூல் பிள்ளை மாதிரி அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றைக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. சரி, இந்தப் போனை மாலைக்குள் ஒழுங்கு மரியாதையாகச் சாகடித்தே தீருவது என்று சபதம் செய்தார். ஒரு மணி நேரம். ஆண்டவனிடம் அவர் கேட்டது அவ்வளவுதான். அதைக்கூட ஒரு பேட்டரிக்கு விட்டுக்கொடுப்பதா?

முதல் வேலையாகக் காலையில் டார்ச் லைட்டைப் போட்டுவிட்டு முப்பத்தேழாம் கட்டத்தில் வைத்தார். மாலையில் எடுத்தபோது தொண்ணூற்றொன்று.

"இன்னா அண்ணாத்தே, லைட்டை அணைக்காமலே உட்டுட்டுப் பூட்டியே? நான் பாத்து அணைச்சேன்" என்றார் செக்யூரிட்டி செங்கல்வராயன். நல்ல மனுஷர். அந்தக் கம்பெனியில் யார் பைக்கில் காற்று இறங்கியிருந்தாலும் அவருக்குத்தான் முதலில் மனசு கேட்காது. மறுநாளும் அணைத்தார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள், "ஒரு டாக்டரைப் பாரேன், மறதி சாஸ்தியாகீது" என்றார்.

எத்திராஜுக்கு வேறு வழி தெரியவில்லை. செங்கல்வராயனைத் தனியே அழைத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ஏரி, பெஞ்சு, ஆறிலிருந்து ஏழு, 'அடடா' எல்லாவற்றையும். ஆறு வருஷத்தில் அவர் மனசு திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

செங்கல்வராயனும் கலங்கிப்போனார். "இவ்ளோ மேட்டர் கீதா? கவலைய உடு அண்ணாத்தே. நான் நாள் பூரா சீரியல் பாத்து இத்தத் தீத்துடறேன்."

அன்று மாலை ஐந்து மணிக்கு எத்திராஜ் ஓடிவந்து போனை வாங்கிப் பார்த்தார். நூறு.

"இன்னாப்பா இது!"

"பதினாறு எபிசோட் பாத்தேன் அண்ணாத்தே! உன் புண்ணியத்துல. அப்பால மனசு கேக்கல. ஒருத்தன் பொருளை நாள் பூரா அனுபவிச்சுட்டுக் காலியா எப்படித் திருப்பிக் குடுக்கறது? நாலு மணிக்கு என் சார்ஜர்ல சொருகிட்டேன்."

எத்திராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. சார்ஜ் போடக்கூடாது என்பதைத் திங்கள்கிழமை ஒரு முறை, செவ்வாய்க்கிழமை இரண்டு முறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. புதன்கிழமை சரக்கு இறக்கக் காத்திருந்த நாலு லாரி டிரைவர்களுக்கும் அந்தப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் திறந்துவிட்டார்கள். காலை பத்து மணிக்குள் அன்றைய டேட்டா தீர்ந்தது. பேட்டரி தீரவில்லை. மாலையில் ஐம்பத்தெட்டு.

அதை வைத்துக்கொண்டு சுலோசனாவிடம் என்ன பேச முடியும்? தவிர, எத்தனை இறக்கினாலும் வீட்டுக்கு வந்ததும் சாமி விளக்கு ஏற்றுகிறாளோ இல்லையோ, போனைச் சார்ஜில் போட்டுவிடுவாள். பகலில் இவர்கள் இத்தனை பேர் சேர்ந்து குறைப்பதை இரவில் அவள் ஒருத்தி நிரப்பிவிடுவாள். ரவையும் புதினாவும் இடியாப்ப அச்சும் ஓய்வில்லாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. எத்திராஜுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

வியாழக்கிழமை செங்கல்வராயன் என்னவோ யோசனையில் இருந்தார்.

"அண்ணாத்தே, அண்ணி ரொம்பத் தங்கமானவங்கப்பா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தோ... உன் சோத்து டப்பாவைப் பாத்தாலே தெரியுதே. அதுல எவ்ளோ வகை!"

எத்திராஜ் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கவலை அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஓர் அதிசயம் நடந்தது. போன் ராத்திரி முழுக்க ஒயரில்தான் இருந்தது, ஆனால் சுலோசனா சுவிட்சைப் போட மறந்திருந்தாள். போனில் இருபத்திரண்டுதான் பாக்கி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதையும் மறந்து எத்திராஜ் பார்த்ததில்லை. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவள் கண்ணில் படுவதற்குள் பையைக் கழுத்தில் மாட்டிக் கிளம்பிவிட்டார்.

மாலை ஐந்து மணிக்கு செங்கல்வராயன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"மூணே முக்காலுக்குப் பூட்ச்சு அண்ணாத்தே. கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன்."

எத்திராஜ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். செங்கல்வராயன் போனோடு ஒரு மஞ்சள் பையையும் கொடுத்தார். கனமாக இருந்தது.

"இன்னா இது?"

"முருங்கைக்கீரை. நம்ம கேட்டாண்ட மரத்துல ஒடிச்சது. கேட் பாஸ் உள்ளயே கீது, அப்பால பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக ரூமுக்குள் போய்விட்டார். அந்தக் கம்பெனியில் ஓர் ஆணி வெளியே போவதென்றாலும் கேட் பாஸ் போட்டாக வேண்டும். எத்திராஜ் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வெற்றி பெற்றவனுக்குப் பரிசு கொடுப்பது உலக வழக்கம்தானே?

ஆறு மணிக்கு ஏரிக்கரை. அதே பெஞ்சு. எத்திராஜ் காலை நீட்டிக்கொண்டார். ஆறு இரண்டு ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஆறு ஐந்து. அடிக்கவில்லை. கழுத்துப் பையைத் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி கிடந்தது. எத்தனை நாளாயிற்று! தண்ணீரில் ஒரு நீர்க்காக்கை முங்கி எழுந்தது. அவர் நெஞ்சுக்குள்ளே ஏதோ ஒரு ஸ்க்ரூ மெதுவாகக் கழன்றது. சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் இந்தப் பக்கம் சாய்ந்தபோது மஞ்சள் பை முழங்கையில் இடித்தது. கீரை வாடிவிடப்போகிறதே என்று பையை விரித்தார். மேலேயே கேட் பாஸ் இருந்தது.

செங்கல்வராயனின் கையெழுத்து. கட்டம் கட்டமாக, ஒழுங்காக நிரப்பியிருந்தார்.

*பொருள்: முருங்கைக்கீரை. ஒரு பெரிய கட்டு.*

*கொண்டு செல்பவர்: டோக்கன் 37.*

*அனுமதி அளித்தவர்: அண்ணி. (செவ்வாய்க்கிழமை நான் சீரியல் பார்க்கும்போது போன் வந்தது. தெரியாமல் எடுத்துவிட்டேன். கேட்டார்கள். பொய் சொல்ல வரவில்லை. மன்னிக்கவும். இப்போது என் நம்பருக்கே பேசுகிறார்கள்.)*

*நோக்கம்: ஏரிக்கரை பெஞ்சில் ஆறிலிருந்து ஏழு வரை சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆய்வதற்கு.*

*திரும்ப ஒப்படைக்க வேண்டியது: இலை மட்டும். காம்பு வரக்கூடாது.*

எத்திராஜ் அதை இரண்டு முறை படித்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நடைப்பயிற்சிக்காரர்கள் கையை வீசிக்கொண்டு போனார்கள். நீர்க்காக்கை மறுபடி முங்கிப் போனது போனதுதான், எழக் காணோம். அதற்காவது போக்கிடம் இருக்கிறது.

ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு கொத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உருவ ஆரம்பித்தார். முருங்கைக்கீரை ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். உருவ உருவக் கட்டு குறையவே குறையாது. அதற்கும் ஏழாயிரம்தான். வாக்கிங் போன ஒருவர் இரண்டாவது சுற்றில் நின்று, "கட்டு எவ்ளோ?" என்று விலை கேட்டார். எத்திராஜ் அடுத்த கொத்தை எடுத்து உருவினார்.

ஏழு மணிக்கு வீடு. சுலோசனா வாசலிலேயே பையை வாங்கி, உள்ளே கைவிட்டுத் துழாவி, நாலைந்து காம்பை மட்டும் எடுத்துத் தனியே வைத்தாள். பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். 'ஏன் லேட்டு' என்று கேட்கவில்லை. 'போன் இன்னா ஆச்சு' என்றும் கேட்கவில்லை. அதுதான் எத்திராஜுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே போய், செத்த போனைக் கழுத்துப் பையிலிருந்து எடுத்துச் சார்ஜர் ஒயரைக் கையில் பிடித்தார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அத்த சார்ஜுல போடாதீங்க, பாவம், உங்க ஒரு மணி நேரம் கெட்டுப்பூடும். நாளைக்கு வாழைப்பூ."