இல்லாத கேமராவில் பெண் பார்த்தது

சஹர் தலைகீழாகத் தெரிந்தாள்.

"இன்னாடா இது, பொண்ணு வௌவால் மாரி தொங்கினு கீது?" என்றார் பஷீருதீன், மகனின் தோளுக்கு மேலாக லேப்டாப்பை எட்டிப் பார்த்து.

"ஒரு நிமிஷம் அத்தா," என்றான் முதஸ்ஸிர். விரல்கள் விசைப்பலகையில் ஓடின.

பூந்தமல்லியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குப் பெண் பார்க்கும் படலம் நடந்துகொண்டிருந்தது. பெண், முதஸ்ஸிரின் தங்கை சஹர். மாப்பிள்ளை ஜாகிர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் மெஷின் பார்ப்பவன். அவன் அம்மா ஃபக்ருன்னிசாவுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்ததால் நேரில் வர வழியில்லை. வீடியோவில் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

லேப்டாப்போடு இணைத்திருந்த கூடத்து டிவியில் அம்மாவும் பிள்ளையும் பெரிசாகத் தெரிந்தார்கள். எதிரே சஹர், அண்ணி மெஹக்கின் ரோஸ் நிறப் புடவையில், மாடி வீட்டு நாகம்மாவிடம் இரவல் வாங்கிய சோஃபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முதஸ்ஸிர் தன் லேப்டாப்பில் ஒரு சோதனை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான். அதில்தான் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இங்க படம்..." என்று ஆரம்பித்தார் ஃபக்ருன்னிசா.

"தெரியும் மாமி. தலைகீழா இருக்கு. ரெண்டே நிமிஷம்."

முதஸ்ஸிருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. அங்கே அவன் பார்ப்பது ஓர் இல்லாத கேமரா. கணினியில் கேமரா இல்லாவிட்டாலும், இருப்பதாக மற்ற மென்பொருள்களை நம்பவைக்கும் டிரைவர் அது. ஒரு பக்கம் எந்தப் படத்தை ஊற்றினாலும் மறுபக்கம் கேமராவே எடுத்த மாதிரி வந்து விழும். எட்டு வருஷமாக ஆளாளுக்கு ஒட்டுப் போட்டதில் அது இரண்டாயிரம் வரிக்கு வீங்கியிருந்தது. முதஸ்ஸிர் மூன்று வாரம் உட்கார்ந்து அதில் தொள்ளாயிரம் வரிகளை வெட்டி எறிந்தான். படத்தைத் திருப்புவது, நிறம் மாற்றுவது, அளவு பார்ப்பது என்று எல்லாம் யாருக்கும் வேண்டாத சமாசாரம் என்பது அவன் கட்சி.

டீம் லீடர் ஷோபனா அந்தக் கட்சியில் சேரவில்லை.

"டெஸ்ட் கிளிப் ஓடுது, சரி. நிஜமான ஒரு வீடியோ கால்ல ஓடிச்சா?" என்று வெள்ளிக்கிழமை கேட்டாள். "திங்கக்கிழமை காலைல சொல்லுங்க. ஓடலைன்னா பழசே இருக்கட்டும். உங்களுக்கு வேற வேலை பாக்கறேன்."

வேற வேலை என்றால் வாடிக்கையாளர்கள் திட்டுவதற்காகக் கூப்பிடும் ஃபோனை எடுக்கிற வேலை. அதில் போன ஆள் திரும்பி வந்ததில்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. லேப்டாப்பின் சொந்தக் கேமரா போன மாதமே கெட்டுப்போயிருந்தது. தன் ஃபோனை டம்ளர் ஸ்டாண்டில் சாய்த்து, ஒயரைச் செருகி, அதன் படத்தைப் புது டிரைவர் வழியாக ஆம்பூருக்கு அனுப்பத் திட்டம் போட்டிருந்தான்.

"ஃபோன்லயே பேசிடலாமே. ஊரே அப்பிடித்தான பேசுது?" என்று மெஹக் காலையிலேயே கேட்டாள்.

"பெரிய டிவியில பாத்தாத்தான் மரியாதை," என்று அவன் சொன்னான். ஷோபனா பேச்சை எடுக்கவில்லை.

சஹருக்கு இது நாலாவது முறை. ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறாள். முதலில் வந்த இரண்டு வீட்டாரும் நேரில் பார்த்துவிட்டு நிறம் கம்மி என்று யாரிடமோ சொல்லியனுப்பினார்கள். மூன்றாவது வீட்டார் வேலையை விடச் சொன்னார்கள். இந்த முறை ஃபோட்டோகூட அனுப்ப மாட்டேன் என்று சஹர் பிடிவாதமாக இருந்துவிட்டாள். "இதான் கடைசி. இதுக்கப்புறம் யாரும் என்னை உக்கார வெச்சுப் பாக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் புடவையையே கட்டினாள்.

"ஃபோனைத் திருப்பி வெச்சா முடிஞ்சுதுடா," என்றார் பஷீருதீன்.

"ஃபோனைத் திருப்பினா அது டெஸ்ட் இல்ல அத்தா."

இரண்டு வரி எழுதினான். சஹர் நேரானாள். கூடவே பச்சையானாள். கொத்தமல்லிச் சட்னிப் பச்சை.

மெஹக் வாயைப் பொத்திக்கொண்டாள். சஹர் சோஃபாவிலிருந்தே கழுத்தை நீட்டி லேப்டாப்பைப் பார்த்தாள்.

"முன்னாடி வந்தவங்க நிறம் கம்மின்னாங்க," என்றாள் அண்ணியிடம் மெதுவாக. "இது எப்பிடி மச்சி, ஜாஸ்தியா?"

டிவியில் ஃபக்ருன்னிசா முந்தானையால் வாயை மூடினார். ஜாகிர் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது.

"போச்சு. சிரிக்கிறாங்க," என்றாள் மெஹக்.

முதஸ்ஸிருக்குக் காது சுட்டது. வெட்டிய வரிகளில் நிறம் சம்பந்தப்பட்டதை மட்டும் தேடி எடுத்து அவசரமாக ஒட்டினான். பச்சை போய்விட்டது. ஆனால் நிறத்துக்கும் அளவுக்கும் உள்ளே ஏதோ உறவு இருந்திருக்கிறது. சஹர் இப்போது சப்பாத்திக் கட்டையில் தேய்த்த மாதிரி திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பரவியிருந்தாள். புடவைப் பூக்கள் ஒவ்வொன்றும் பரோட்டா அகலம்.

"தம்பி, படம் ஒண்ணும்..."

"இதோ மாமி, அகலம் ஜாஸ்தியாயிடுச்சு. குறைக்கறேன்."

பஷீருதீன் மகள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். அவர் முப்பது வருஷம் பூந்தமல்லி மார்க்கெட்டில் பாத்திர வியாபாரம் செய்தவர். அவர் குரலைத் தாழ்த்தினால் தெருமுனை வரைக்கும்தான் கேட்கும்.

"அந்தம்மா மூஞ்சப் பாரேன். லைசென்ஸ் குடுக்கற ஆபீசர் மாரி உக்காந்துகினு கீது."

"அத்தா, சும்மா இரு," என்றாள் சஹர். "கால்ல கட்டு போட்டு நாலு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து பாரு, தெரியும். வலி. அந்த ஸ்டூலை இன்னும் கொஞ்சம் ஒசத்தி வெச்சுக் காலை மேல வெச்சாங்கன்னா வீக்கம் குறையும். யாரும் சொல்லலை போல."

"மாப்பிள்ளை?" என்று கிசுகிசுத்தாள் மெஹக்.

"பல்லு புடுங்க வந்தவரு மாரி இருக்காரு. அவரையும் யாராவது இழுத்துட்டு வந்து உக்கார வெச்சிருப்பாங்க. பாவம்."

முதஸ்ஸிர் இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. அகலத்துக்கான எண்ணை மாற்றினான். அந்த எண் எங்கே போய் உட்காரும் என்று சரிபார்க்கும் வரியையும் போன வாரம் அவனேதான் வெட்டியிருந்தான். டிரைவர் ஓடுவது கர்னலுக்குள். கணினியின் மொத்தக் குடித்தனமும் நிற்கிற அஸ்திவாரம் அது. மேலே ஒரு மென்பொருள் செத்தால் அது மட்டும்தான் சாகும், அஸ்திவாரத்தில் ஒரு செங்கல் நகர்ந்தால் வீடே போய்விடும்.

வீடு போய்விட்டது. லேப்டாப் கருத்தது, டிவி கருத்தது, ஆம்பூர் மறைந்தது.

"கரண்ட் போச்சா?" என்றார் பஷீருதீன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி எல்லாம் உயிர் பெற்று, ஆம்பூரைத் திரும்பப் பிடிக்க ஏழு நிமிஷம் ஆனது. டிவியில் ஃபக்ருன்னிசாவின் கால் இப்போது இரண்டு தலையணைகளின் மேல் உயரமாக இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் லேப்டாப்பில் இருந்தது.

லேப்டாப்பில் சஹர் இல்லை. முதஸ்ஸிர் இருந்தான்.

புதிதாகக் கிளம்பும்போது டிரைவர் தானாகவே டெஸ்ட் கிளிப்பை எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் கேன்டீனில் எடுத்த பத்து வினாடிப் படம் அது. முதஸ்ஸிர் போண்டாவைக் கடிப்பான், மெல்லுவான், தலையாட்டுவான், கட்டை விரலை உயர்த்துவான். பிறகு மறுபடி போண்டாவைக் கடிப்பான்.

"ஏம்மா," என்றார் ஃபக்ருன்னிசா டிவியிலிருந்து. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வர எத்தனை மணி ஆவும்?"

லேப்டாப்பில் முதஸ்ஸிர் போண்டாவைக் கடித்தான்.

"ஏழு மணி ஆவும் மாமி," என்றாள் சஹர்.

முதஸ்ஸிர் மென்றான். தலையாட்டினான். கட்டை விரலை உயர்த்தினான்.

"ஏங்க," என்றாள் மெஹக், "உங்களைத்தான் பொண்ணு பாத்துக்கினு கீறாங்க."

கிளிப்பை நிறுத்தினான். ஏழு நிறத்தில் நெடுக்குப் பட்டைகள் வந்தன. பட்டைகளை எடுத்தான். மறுபடி போண்டா வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தங்கையின் கல்யாணமும் தன் வேலையும் ஒரே ஒயரில் தொங்குவது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது.

சஹர் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, கையை எடு."

"ஒரே நிமிஷம் சஹர், இந்த ஒரு வரி..."

"மூஞ்சி தெரியாட்டி போவுது. எடு."

அவன் எடுத்துவிட்டான். சஹர் சோஃபாவுக்குத் திரும்பவில்லை. லேப்டாப் பக்கத்திலேயே நின்று டிவியைப் பார்த்துப் பேசினாள்.

"மாமி, எங்க அண்ணன் நல்லா வேலை தெரிஞ்சவன். இன்னிக்கு அமையல. நான் சொல்ல வேண்டியதை நேராவே சொல்லிடறேன். எனக்கு இருபத்தேழு வயசு. நான் மாநிறம், நேர்ல பாத்தாலும் அதான். இந்தப் புடவை எங்க மச்சிது, சோஃபா மாடி வீட்டுது. வேலையை விட மாட்டேன், ஆம்பூர் வந்தா அங்க தேடிக்குவேன். மாசத்துல எட்டு நாள் நைட் டூட்டி இருக்கும். இது ஒத்து வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க, யாருக்கும் வருத்தமில்ல."

பஷீருதீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

டிவியில் ஜாகிர் தொண்டையைச் செருமினான். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நைட் டூட்டி முடிஞ்சு வந்தா காலைல டிபன் சாப்பிட்டுத் தூங்குவீங்களா, தூங்கி எழுந்து சாப்பிடுவீங்களா?"

சஹர் எல்லாக் கேள்விக்கும் தயாராக இருந்தாள், இதற்கு இல்லை.

"சாப்பிட்டுத்தான் தூங்குவேன்," என்றாள்.

"சரி. எனக்கு இட்லி, உப்புமா வரும். தோசை வட்டமா வராது."

ஃபக்ருன்னிசா மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் பார்த்து, "நாங்க யோசிச்சுச் சொல்றோம்," என்றார். இணைப்பு முடிந்தது.

யோசிச்சுச் சொல்றோம். முந்தைய மூன்று வீட்டாரும் சொல்லிவிட்டுப் போனது அதே வாக்கியம்தான். பஷீருதீன் எழுந்து அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். மெஹக் சமையலறைக்குப் போனாள். ஃபோனிலேயே பேசியிருக்கலாம் என்று அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் முதஸ்ஸிருக்குத் தேவலாம் போலிருந்தது.

அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். வெட்டிய தொள்ளாயிரம் வரிகளையும், ஒரு வரி விடாமல், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். மூன்று வார உழைப்பு நாற்பது நிமிஷத்தில் இல்லாமல் போனது. ஷோபனாவுக்குச் சுருக்கமாக எழுதினான்: 'நிஜ வீடியோ காலில் சோதித்தேன். ஓடவில்லை. தப்பு என்னுடையது. வேற வேலை எதுவானாலும் சரி.'

சஹர் நைட்டிக்கு மாறி, ஒரு தட்டில் ஜாங்கிரியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுரு," என்றான் முதஸ்ஸிர்.

"விடுண்ணே." ஒரு ஜாங்கிரியைப் பிய்த்து அவனிடம் பாதியைத் தந்தாள். "சாப்பிட்டுத் தூங்குவியான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அந்த ஒரு கேள்விக்காகப் புடவை கட்டினது வீணில்ல."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது அவனுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அம்பத்தூர் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஃபக்ருன்னிசா.

"தம்பி, அத்தா ஃபோனை எடுக்கலை, அதான் உங்களுக்குப் போட்டேன். எங்களுக்குப் பூரண சம்மதம். ஜாகிர் நேத்து ராத்திரியே சொல்லிட்டான், இந்தப் பொண்ணுதான்னு. கட்டு பிரிச்சதும் நேர்ல வரோம், இன்ஷா அல்லாஹ்."

முதஸ்ஸிர் பக்கத்து ஆள் மேல் சாய்ந்து, சாரி சொல்லி, நிமிர்ந்தான். சந்தோஷத்தை விட வெட்கம்தான் முதலில் வந்தது.

"மாமி, ரொம்ப சந்தோஷம். ஆனா நேத்து அந்தப் படத்துக்கு நான் மன்னிப்பு கேக்கணும். அவ தலைகீழா தெரிஞ்சது, பச்சையா ஆனது, அப்பிடி அகலமா போனது, கடைசியில நான் போண்டா தின்னுட்டு நின்னது, எதுவும் அவ தப்பு இல்ல. அவ நேர்ல அப்பிடி இருக்க மாட்டா."

"இன்னா தம்பி சொல்றீங்க? எங்களுக்குக் கடைசி வரைக்கும் படமே வரலியே, வெறும் குரல் மட்டும்தான் கேட்டுச்சு."