உறுமும் ஆவிக்கு ஒரு கரண்டி

திண்டிவனத்தில் செத்தவர்கள் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு கிடையாது, உறுமல் மட்டும். அதுவும் வீட்டில் ஸ்டீரியோ செட் வைத்திருந்த பிணங்களுக்குத்தான் அந்தச் சலுகை. ஏழைப் பிணங்கள் வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமையானால் நாதச்சித்தர் பீடத்தின் முன்னால் ஆட்டோவும் மினிவேனுமாக நெரியும். ஆம்பிளிஃபயருக்கு எலுமிச்சம்பழ மாலை, ஸ்பீக்கர் நெற்றியில் விபூதிப் பட்டை. பிரம்மதேசத்து விருத்தாசலம் ரெக்கார்டு பிளேயரைப் பச்சைக் குழந்தை மாதிரித் துண்டில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்.

அவருக்குப் பின்னால் நின்றான் விழுப்புரம் கண்ணையன். அப்பா மாசிலாமணி விட்டுப்போன நாற்பது வருஷத்துச் செட். சாயந்தரம் வேலை விட்டு வந்து அதில் ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டால் கண்ணையனுக்குச் சோறு வேண்டாம். ஆனால் அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்து தன் வீட்டில் ஒயர் மாட்டிய நாள் முதல், பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல். மாசிலாமணி உயிரோடிருந்த காலத்தில் மகனிடம் பேசிய ஒரே வார்த்தையும் அதுதான். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வருஷத் திதியில் கருவாட்டுக் குழம்பு படைக்காதது நினைவுக்கு வந்தது. படைத்தான். உறுமல் நிற்கவில்லை.

"இன்னைக்கும் அப்பா அடங்கலன்னா செட்ட பீடத்துலயே உட்டுடணும்னு சாமி சொல்லிட்டாரு" என்றான். 

கூட வந்தவள் கொழுந்தியாள் பானுப்ரியா. வளவனூரில் மைக் செட் கடை வைத்திருப்பவள்.

"ஏன் மாமா, உங்கப்பாரு ஒரு கருவாட்டுக்கா கரண்டுக்குள்ள குந்திக்கினு இருப்பாரு?"

"மெல்லமா பேசு. சாமி காதுல உழும்."

சித்தருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வல்லரசு. விருத்தாசலத்தின் முறை முடிந்ததும் கண்ணையனின் செட்டைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் அவரே ஒயர் மாட்டினார். மனுஷக் கண் படக்கூடாதாம். திரை விலகியது. ஸ்பீக்கர் உறுமியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் ஒரு கையைப் பிளேயரின் இரும்பிலும் மறு கையை ஆம்பிளிஃபயரின் உடம்பிலும் வைத்தார். உறுமல் அடங்கியது. எடுத்தார். "ம்ம்ம்ம்!"

"என் கைக்குத்தான் பெரியவர் கட்டுப்படுறாரு. வீட்டுக்குக் கொண்டுபோனா குடும்பம் தாங்காது. இங்க விட்டுடு, முக்தி குடுத்துடலாம்."

கண்ணையன் செட்டின் மரப்பெட்டியை ஒருமுறை தடவினான். "சரிங்க சாமி."

"ஒரு நிமிஷம்!" பானுப்ரியா அன்னதான அண்டாவிலிருந்து சில்வர் கரண்டியை உருவி, சாம்பாரை உதறி, துப்பட்டாவில் துடைத்தாள். கரண்டியின் தலையைப் பிளேயரிலும் காம்பை ஆம்பிளிஃபயரிலும் படும்படி வைத்தாள்.

உறுமல் நின்றது.

எடுத்தாள், உறுமியது. வைத்தாள், நின்றது. சித்தருக்குக் கட்டுப்பட்டதைவிடச் சாம்பார்க் கரண்டிக்குப் பணிவாகவே கட்டுப்பட்டார் மாசிலாமணி.

"கரண்டிக்கு எப்ப சாமி தீட்சை குடுத்தீங்க?"

"அபச்சாரம்! பொம்பள கை பட்டதால ஆவி மிரண்டுடுச்சு!"

"அப்ப நீங்க வைங்க பெரியப்பா" என்று கரண்டியை விருத்தாசலத்திடம் நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். நின்றது.

பானுப்ரியா செட்டைத் திருப்பினாள். பின்னால் ஓர் ஒல்லிப் பச்சை ஒயர், சுருட்டி டேப் ஒட்டியபடி கிடந்தது.

"இது இன்னா மாமா?"

"முனையில பின்னு எதுவும் இல்ல. மிச்ச ஒயர்னு நெனச்சி ஒட்டி வச்சேன்..."

"எர்த்து ஒயர் மாமா! அத ஆம்பிளிஃபயரோட இந்தத் திருகாணியில மாட்டாததாலதான் உறுமுது. கையோ கரண்டியோ ரெண்டையும் சேத்துத் தொட்டா அடங்கிடும்." மாட்டினாள். பீடம் நிசப்தமானது. தட்டைச் சுழலவிட்டாள், பாட்டு மட்டும் வந்தது. 

"எங்க அப்பாரு வீட்ல உறுமவே இல்லம்மா" என்றார் விருத்தாசலம். "இங்க வந்துதான் உறுமினாரு."

"வீட்ல உறுமலன்னா அப்பறம் எதுக்குத் தூக்கிக்கினு வந்தீங்க?"

"ஊர்ல எல்லாருக்கும் உறுமுதே, நமக்கு மட்டும் உறுமலியேன்னு ஒரு வெக்கம்..."

திரையை இழுத்துப் பார்த்தார்கள். சித்தர் ஒயர் மாட்டி வைத்திருந்த விருத்தாசலத்தின் பிளேயரில் எல்லா ஒயரும் சரியாக இருந்தது. பச்சை மட்டும் கழன்று தொங்கியது. பின்னறையில் 'முக்தியடைந்த' செட்டுகள், அட்டைப்பெட்டியில், சென்னை விலாசம் ஒட்டி, விற்பனைக்குத் தயாராக.

"எமலோகம் அடையாறுலயா சாமி இருக்குது?" என்றாள் பானுப்ரியா. பதில் சொல்லச் சாமி அங்கே இல்லை. கொல்லைப்பக்க வேலியில் காவி வேட்டியின் ஒரு முழம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவரவர் செட்டை அவரவர் தூக்கிக்கொண்டார்கள். கண்ணையன் தன்னுடையதை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், கூட்டத்தில் பாதி இன்னும் கலையவில்லை. விருத்தாசலம் அந்தக் கரண்டியைப் பீடத்தின்மேல் சாத்தி, காம்பில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண்மணி கற்பூரம் தேடினாள்.

பானுப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது சாம்பார் ஊத்துற கரண்டி, ஊத்தட்டும் உடுங்க! கழுத்துக்கு மேல ஒண்ண சொமந்துக்கினு திரியிறீங்களே, அதுக்கு எவனாவது ஒரு நாளாவது கனெக்‌ஷன் குடுத்துப் பாத்தீங்களா?"