தனி ஆவர்த்தனமும் தவலை வடையும்

கச்சேரியில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து டிபன் சாப்பிடப் போகிறவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனிமேலும் அந்த உத்தேசம் இல்லை. பாட்டும் வயலினும் ஓய்ந்து, அந்த மனிதர் மட்டும் வாசிக்கக் கிடைக்கிற கால் மணி நேரம் அது. அப்போதுதானா இவர்களுக்கு வயிறு கூப்பிடும்?

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் தூங்கப் போக, நான் ஒரு மாஸ்டரிடம் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போனேன். (பொம்பளைப் பிள்ளைக்கு மிருதங்கம் எதற்கு என்று கேட்டவர்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. அவர்களையும் மன்னிக்கவில்லை.)

தை கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் மாஸ்டரின் பஜனைக் குழு பாடுவதாக இருந்தது. நடுவில் எனக்கு ஐந்து நிமிடம் தனி. வாழ்க்கையில் முதல் தடவை. சிக்கல் என்னவென்றால், நான் ஒரு தனியைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. மாஸ்டரிடம் இருந்த கேசட்டுகளில் பாட்டு முடிந்து, மிருதங்கம் நாலு தட்டுத் தட்டியதும் ‘டக்’ என்று நின்றுவிடும். பதிவு செய்த புண்ணியவான்கள் டேப்பை மிச்சம் பிடித்திருந்தார்கள்.

“முடிக்கிற இடம் தெரியாம மேடை ஏறாதே. மெட்ராஸ்ல சீசன் நடக்குது. மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, இலவசம்தான். ஒரு தனியையாவது முழுசா கேட்டுட்டு வா” என்றார் மாஸ்டர்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரகடத்துச் செல்வி, எனக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். “போய்ட்டு வா. ஆனா இன்னா கேட்டன்னு வந்து மேசை மேல தட்டிக் காட்டணும், தெரிதா?”

இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர். சீக்கிரமே போய் மூன்றாவது வரிசையில் ஓரச் சீட்டைப் பிடித்தேன். வரிசையின் மறுமுனையில் சுவர். வெளியே போகிற யாராக இருந்தாலும் என் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். (வினை அங்கேதான் ஆரம்பம்.)

ஒரு மணி நேரம் சொக்கிப்போய்க் கேட்டேன். பிறகு பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தனி வரப்போகிறது என்று நான் சீட்டின் நுனிக்கு வந்தேன். அவர் மெல்ல முதல் சொல்லை வாசித்தார். அவ்வளவுதான், கம்பெனியில் சைரன் அடித்த மாதிரி பாதி சபா எழுந்தது. என் வரிசையில் மூன்று பேர் என் காலை மிதித்துக்கொண்டு போனார்கள். நாலாவதாக வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தபோது நான் காலை நீட்டி முன் சீட்டில் முட்டுக் கொடுத்தேன்.

“கொஞ்சம் வழி விடும்மா.”

“முடியாது சார். அவரு வாசிச்சு முடிக்கட்டும்.”

“எனக்கு சுகர்மா. நேரத்துக்குச் சாப்பிடணும்.”

“ரிலீவர் வராம எந்திரிக்கக் கூடாது!”

(கம்பெனியில் பாத்ரூம் போவதென்றாலும் நம் இடத்தில் நிற்க ஓர் ஆள், அதாவது ரிலீவர், வந்த பிறகுதான் நகர முடியும். கோபத்தில் வாயில் அதுதான் வந்தது.)

அதோடு விட்டேனா? எழுந்து நின்று, சபை கேட்கவே கேட்டேன். “ஒருத்தர் உயிரக் குடுத்து வாசிக்கிறாரு, உங்களுக்கு வடை கேக்குதா? அவரப் பெத்தவங்க பார்த்தா என்ன நெனைப்பாங்க?”

பெரியவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “பெத்தவன் நான்தாம்மா” என்றார். “தினம் காலைல நாலு மணிக்கு இதை வாசிச்சுத்தான் என்னை எழுப்பறான். இன்னிக்கு ஒரு நாள் கேக்கலேன்னா ஒண்ணும் ஆயிடாது.”

மேடையிலிருந்து மகன் எங்கள் இருவரையும் பார்த்தார். தாளம் பிசகவில்லை. முகம்தான் சரியில்லை. அதற்குள் பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடிவந்து, “மேடம், வெளிய வந்து பேசுங்க” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே? நேராகக் கேன்டீனுக்கு!

கிரைண்டர் சத்தம், தட்டுச் சத்தம். ஹால் கதவை மூடிவிட்டார்கள், உள்ளே போகவும் விடவில்லை. மூடிய கதவில் காதை வைத்துப் பார்த்தேன். கடைசியில் கைதட்டல் மட்டும் கேட்டது.

“முடிச்சுட்டான்” என்றார் பெரியவர், தவலை வடையிலிருந்து தலை நிமிராமல்.

செல்விக்குத் தட்டிக் காட்ட ஒன்றுமில்லாததால் நடந்ததைச் சொன்னேன். அவள் லைன் முழுக்கச் சொன்னாள். அது கோவில்பட்டிவரை போய்ச் சேர்ந்தது.

தை கிருத்திகைக்கு அம்மா ஊரிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். என் தனி ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மண்டபத்தின் ஓரத்தில் புளியோதரை அண்டாவைத் திறந்தார்கள். முதலில் எழுந்தது என் அம்மா! அவள் சும்மாவும் போகவில்லை. பின்னால் நின்ற செல்வியை இழுத்துத் தன் இடத்தில் உட்கார வைத்து, எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: “இங்கன இரு தாயி. நான் வாற வரைக்கும் நீதான் ரிலீவர்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஐந்து நிமிடம் பத்தானது. பஜனைக் குழுப் பாடகர் பாட்டை எடுக்க வாயைத் திறந்து திறந்து மூடினார். மாஸ்டர் கண்ணை உருட்டினார். முடிக்கத் தெரியாமல்தான் நான் திண்டாடினேன் என்று அவர் இன்றும் சொல்லித் திரிகிறார். (அதில் கொஞ்சம் உண்மை உண்டு.) ஆனால் அம்மா தொன்னையோடு திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் கையை எடுத்தேன்.

இப்போதும் நான் வீட்டில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கையில் கணவர் தண்ணீர் குடிக்க எழுந்தால், என் மகள் “ரிலீவர்!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவர் நாற்காலியில் உட்காருகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. போனவர் திரும்பி வரும்வரை முடிப்பதும் இல்லை.